தாகமெடுத்த அமெரிக்கப் படகு

அந்தப் படகின் ஸ்டியரிங் யானைத்தந்த நிறத்தில் இருக்கும். நடுவில் குரோமிய வளையம், அமத்தினால் ஹோர்ன். எழுபதுகளில், சிட்னியின் பிளாக்டவுனில் அக்கா வீட்டுக் கராஜுக்குள் நின்ற அந்த மஹோகனி விசைப்படகில் ஏறி, வேலை முடிந்து வந்த மாலைகளில் அத்தான் அந்த வளையத்தை ஒருதரம் அமத்துவார். குசினிக்குள் அக்கா பெருமூச்சு விடுவா. கார் வெளியே வெயிலில் நின்றது.

சலவை மெஷின் பார்த்துவரப் போன ஒரு சனிக்கிழமைதான் அத்தான் அதை இழுத்துக்கொண்டு வந்தார். நாடு திரும்பவிருந்த ஓர் அமெரிக்கர் விற்றது. நான் பிறந்த வருடத்தில் அமெரிக்காவில் செய்தது. பதினெட்டு அடி, உடம்பெல்லாம் வார்னிஷ், பின்புறத்தில் பொன்னெழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். அக்கா முதலில் வாசித்தது அதைத்தான்.

“ஆர் உவ?”

“பழைய ஆளின்ர மனிசியாக்கும்.”

“அப்ப அவவையும் அவரோடயே அனுப்பியிருக்கலாமே.”

படிக்கிற காலத்தில் ஏதோவொரு சஞ்சிகையில் இப்படியொரு படகின் படத்தைப் பார்த்ததிலிருந்து அத்தானுக்கு இந்த ஆசை. மனிதர் தனக்கென்று வேறெதுவும் கேட்டதில்லை. அக்காவும் அதை அறிவா. அதனால்தான் தவணை கொடுத்தா. “கோடை முடியிறதுக்குள்ள உது ஒருக்கா ஒழுங்கா ஓடவேணும். இல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரன் கேக்கிறான், குடுத்துப்போடுங்கோ. ஆனா நான் உதில ஏறமாட்டன்.”

இந்த இடத்தில்தான் என் அறிவு உள்ளே நுழைந்தது. அவர்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்த எனக்கு நூலக அட்டை ஒன்றிருந்தது. மரம் உளுத்துப்போவது பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து முழுவதும் வாசித்தேன். மரத்தின் எதிரி ஈரம் என்று அதில் இருந்தது. அது வீட்டு மரத்தைப் பற்றிய புத்தகம் என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். என் ஆலோசனைப்படி, அத்தான் கோடை முழுவதும் அந்தப் படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சிட்னியின் வெக்கையில், போதாததற்கு ஒரு மின்விசிறியும் வைத்தோம். பலகைகளுக்கிடையில் மெல்லிய இடைவெளிகள் தெரியத் தொடங்கியபோது, பழைய படகுகளுக்கு அதுதான் அழகு என்று விளக்கினேன்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை, வெள்ளோட்டத்துக்குப் பரமட்டா ஆற்றங்கரையில் எங்கள் ஆட்கள் நாலைந்து குடும்பம் சாப்பாட்டோடு கூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் ஆர்வத்தோடு வந்திருந்தார். புது வாகனமென்றால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிக்கவேண்டும். படகுக்கு ஏது சில்லு? ஐயர் இல்லாத ஊரில் பாதி மந்திரம் தெரிந்த நான்தான் ஐயர். டிரெய்லரின் சில்லுகளுக்குக் கீழே வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பழமும் அழகாக நசிந்தன. அருள் முழுவதும் டிரெய்லருக்கே போய்ச் சேர்ந்தது. அந்த டிரெய்லர் பிறகு ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

படகு இறங்கியது. கைதட்டினோம். கை ஓய்வதற்குள் அத்தானின் சப்பாத்துக்குள் ஆறு வந்துவிட்டது.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். மரப்படகைக் காயவிட்டால் பலகை சுருங்கிவிடும்; தண்ணீர் குடித்து ஊதினால்தான் மறுபடி இறுகும். இரண்டு நாள் கரையோரம் கட்டிவைத்து இறைத்துக்கொண்டே இருங்கள், எஞ்சினுக்குத் தண்ணீர் எட்டினால் கதை முடிந்தது என்றார்.

கரையிலிருந்து அக்கா கேட்டா. “ஆர் காயவிடச் சொன்னது?”

பிஸ்கட் பேணியால் இறைத்துக்கொண்டிருந்த அத்தான் என் பக்கம் திரும்பவேயில்லை. “நான்தான். என்ர பிழை.”

அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். அக்கரையில் நின்ற ஒரு பறவை கொக்கா நாரையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு உவ்வளவு யோசிக்கத் தெரியாது,” என்றா அக்கா. “இது புத்தகம் வாசிச்சவன்ர வேலை.” மஞ்சள் சோற்றுப் பானையை ஒரு தட்டத்தில் கவிழ்த்தா, சேலையைத் தூக்கிச் செருகினா, ஆற்றுக்குள் நடந்து போய்ப் படகில் ஏறினா, அந்தப் பானையால் இறைக்கத் தொடங்கினா.

அத்தான் பேணியோடு நிமிர்ந்தார். “ஏறமாட்டன் எண்டனீர்?”

“ஓடுற படகில ஏறமாட்டன் எண்டனான். இது தாழுற படகு. வேற கதை.” பிறகு என்னிடம், “தம்பி, வாளியை எடு. உன்ர காஞ்ச மூளையிலயும் கொஞ்சம் தண்ணி படட்டும்.”

வந்த குடும்பமெல்லாம் முறைவைத்து இறைத்தது. திங்கட்கிழமை மத்தியானம் உள்ளே ஒரு சொட்டும் கசியாமல் அடிப்பலகை காய்ந்தே கிடந்தது. எஞ்சின் உறுமியபோது அக்கா முன் இருக்கையில் இருந்தா, இறங்குவதாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விலை கேட்பதை அன்றோடு விட்டார்.

இப்போது எனக்கும் படகுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அதே ஆற்றில் பைபர் படகுகள் இறங்கிய கையோடு பறக்கின்றன. அவற்றுக்கு எவர் தயவும் வேண்டியதில்லை. எங்களுடையதிலும் தானியங்கிப் பம்பு பூட்டியாயிற்று. அக்கா அதை நம்புவதில்லை. ஒவ்வொரு வருடமும் படகு தண்ணீரில் இறங்கும் முதல் நாள், கரையில் நிற்கும் அத்தானுக்கு முன்னால் அவதான் ஏறுவா. வெறுங்காலை அடிப்பலகையில் வைத்துப் பார்ப்பா. “இன்னும் குடிக்குது, பொறுங்கோ,” என்பா. அவ தலையாட்டும்வரை அத்தான் சாவியைத் தொடுவதில்லை.