பஸ்ஸுக்கு வைத்த காசு

என் கல்யாணச் செலவைப் பிரித்துப் போட்டவர் கொழும்பில் வேலை செய்யும் என் அண்ணன். பதுளை மண்டபம், சாப்பாடு, கேக் என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கிவிட்டு, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களை ஏற்றிவர வைத்திருந்த பஸ்ஸை மட்டும் வெட்டிவிட்டார். அந்தக் காசில் ட்ரோன் வீடியோவாம்!

"வர்றவங்க அவங்களா வரட்டும். இப்பல்லாம் யாரு பஸ் புடிச்சு கூட்டிட்டுப் போறா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாயங்காலம் திரும்பிப் போக பஸ் இருக்கா அண்ணே? எந்தக் கல்யாணம்னாலும் லயத்தையே பூட்டிட்டுத்தானே எல்லாரும் ஒண்ணா போவோம்?" என்று கத்தினேன். கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாதாம். அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார்.

மண்டபத்தில் பெண் வீட்டுப் பக்கத்து நாற்காலிகளில் பாதி காலியாகவே கிடந்தன.

பிறகு வீடியோ வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் தோட்டத்துக்கு மேலே பறக்கவிட்டு எடுத்த காட்சிதான் ஆரம்பம். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் தகரக் கூரைகூட அழகுதான். லயத்து வாசலில் எல்லோரும் நின்று, அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே கையாட்டுகிறார்கள்.

என் கல்யாண வீடியோவில் அவர்கள் இருப்பது அங்கே மட்டும்தான்.