பதின்மூன்றரை பாயின்ட்

1. இருபத்துநாலு போட்டால் முப்பத்திரண்டு

நான் இ-லேர்னிங் வேலையில் சேர்ந்த முதல் நாளே என் எழுத்துகள் எல்லாம் பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றன.

அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் பதினாறு வருடம் காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை லேஅவுட் செய்துகொண்டிருந்தேன். மணமக்கள் பெயர் இருபத்தெட்டு பாயின்ட், பெற்றோர் பெயர் பதினாலு, தாய்மாமன் பெயர் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் கல்யாணமே நின்றுபோகும். எழுத்தின் அளவில் மனிதர்களின் மானம் இருக்கிறது என்று அறிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. ஓர் அங்குலத்தை எழுபத்திரண்டாகப் பிரித்தால் அதில் ஒன்று ஒரு பாயின்ட். அது எங்கே போனாலும் மாறாது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

புது வேலை சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு. தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிப் பாடங்கள் செய்து கொடுப்பார்கள். திரையில் படம், எழுத்து, குரல், கடைசியில் கேள்விகள். செங்கல்பட்டில் இருக்கும் ஜெனிஃபர் டிசைன் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திரையையும் படமாக வரைந்து அனுப்புவாள். நான் உத்திரமேரூரில் என் வீட்டில் உட்கார்ந்து, அதை ஆத்தரிங் டூல் என்கிற பாடம் கட்டும் சாஃப்ட்வேரில் மறுபடி கட்டி, பட்டனை வேலை செய்ய வைக்க வேண்டும். படத்தோடு ஒரு பட்டியலும் வரும்: தலைப்பு முப்பத்தாறு, பாடம் இருபத்துநாலு என்று.

இருபத்துநாலு என்று எழுதியிருந்தது. இருபத்துநாலு போட்டேன். குக்கர் மூடியைத் தள்ளிக்கொண்டு சோறு வருகிற மாதிரி எழுத்து பெட்டியைத் தாண்டி வந்தது.

ஜெனிஃபருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நான் இருபத்துநாலுதாண்ணா போட்டிருக்கேன். நீங்க இன்னா போட்டீங்க?"

"நானும் இருபத்துநாலுதாம்மா."

"அப்ப ஏன் உங்களுது மட்டும் இப்படி ஊதிக்கினு கீது?"

இரண்டு பேரும் சரி; இரண்டு சாஃப்ட்வேரும் சரி. அவளுடையதில் ஓர் அங்குலத்துக்கு எழுபத்திரண்டு புள்ளி, என்னுடையதில் தொண்ணூற்றாறு. அவளுடைய இருபத்துநாலு என்னிடம் வந்தால் திரையில் முப்பத்திரண்டு புள்ளி உயரத்துக்கு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. தீர்வு சுலபம். அவள் சொல்வதை முக்கால் ஆக்கிவிட்டால் போதும். இருபத்துநாலுக்குப் பதினெட்டு. முப்பத்தாறுக்கு இருபத்தேழு. முக்காலால் பெருக்குவது எனக்குக் கொஞ்ச நாளில் மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. மூச்சு விடுவதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

2. தமிழ்தானே

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. ரசாயனப் பொருள்களைக் கையாளுவது பற்றி ஒரு பாடம் கேட்டார்கள். முதலில் ஆங்கிலம், பிறகு தமிழ். கான்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்கள் தமிழில் படித்து, கடைசியில் பதினைந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்விக்கு நாற்பது விநாடி. மூன்று முறை முயலலாம். மூன்றிலும் தவறினால் கேட் பாஸ் ரத்து.

ஆங்கிலப் பாடத்தை முறைப்படி சரிபார்த்தோம். முறை என்றால், கிளையன்ட் ஒப்புக்கொண்ட படத்தை என் திரையின் மேல் கண்ணாடி மாதிரி வைத்துப் பார்ப்பது. ஓர் எழுத்து நகர்ந்திருந்தாலும் இரட்டையாகத் தெரியும்.

தமிழுக்கு அப்படிப் படம் கிடையாது. ஜெனிஃபர் அளவுப் பட்டியல் மட்டும் அனுப்பினாள். எங்கள் மேனேஜர் பிரகாஷ், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், போனில் சொன்னார்: "முரளி சார், தமிழ்தானே, நீங்களே ஒரு பார்வை பாத்துடுங்க. இதுக்கெல்லாம் கியூசின்னு தனியா ஆள் வச்சு செக் பண்ண டைம் இல்ல."

பட்டியலில் பாடம் பதினெட்டு என்று இருந்தது. ஆங்கிலத்தில் இருபத்துநாலு, தமிழில் ஏன் பதினெட்டு என்று ஒரு விநாடி யோசித்தேன். தமிழ் நீளம், இடம் போதாது, அதனால் குறைத்திருக்கிறாள், விவரமான பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வழக்கம்போல முக்காலால் பெருக்கினேன். பதின்மூன்றரை.

அழகாக உட்கார்ந்தது. தமிழ் வாக்கியம் ஒன்றுகூடப் பெட்டியை மீறவில்லை. என் வேலையில் அப்படி நடந்ததே இல்லை. இருபத்துநாலு அங்குல மானிட்டரில், மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் படித்து, 'சரி' என்று எழுதி அனுப்பினேன். பாடத்தின் நடுநடுவே மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மை வந்து கையை ஆட்டும். அது கண் சிமிட்டுவது சரியாக வரவேண்டும் என்று ஒரு பகல் முழுக்கச் செலவழித்தேன். எழுத்துக்குச் செலவழித்தது அரை மணி.

3. சரளாவின் கடை

என் மனைவி சரளா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பவர் பார்ப்பாள், ஃப்ரேம் எடுத்துக் கொடுப்பாள். வீட்டில் இருந்தே வேலை செய்கிற கணவன் என்பதால் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. அவள் கம்பெனி எனக்குத் தரும் ஒரே பதவி அது.

பாடம் போய் மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. கேரியரோடு உள்ளே போனபோது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் படிக்கும் அட்டையை வைத்துக்கொண்டு சரளாவோடு வாதாடிக்கொண்டிருந்தார். பெயர் தேவகி, ஊர் மானாம்பதி.

"இதவிடப் பெரிய பவரா போடும்மா."

"அக்கா, நீ போட்டுகினு கீற கண்ணாடியே கரெக்டு. கடைசிக்கு முந்தின வரி வரிக்கும் படிச்சிட்ட. உன் கண்ணுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா எப்பிடி மூணு வாட்டியும் ஃபெயிலு ஆவேன்? அந்த டேப்லட்டுல இன்னா எய்திகினு கீதுன்னே தெரியல. ஒவ்வொரு எய்த்தா கூட்டிப் படிக்கிறதுக்குள்ள டைம் பூடுது. எனக்கு வெட தெரியும்மா. ஆறு வருசமா அந்த டிரம்மத்தான் உருட்டிகினு கீறேன்."

"உன்னோட யாருன்னா ஃபெயில் ஆனாங்களா?"

"என்னோட சேத்து ஒம்போது பேரு. எல்லாம் என் வயசுதான். சின்னப் பொண்ணுங்க டக்கு டக்குன்னு அமுக்கிட்டுப் பூட்ச்சிங்க. கண்ணு பூட்சிம்மா எனக்கு. திங்கக்கெளம வேற ஆளுங்கள எறக்குறாங்களாம்." பிறகு கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "அதுல மஞ்சத் தொப்பி போட்டுகினு ஒரு பொம்ம வரும். அது மட்டும் நல்லாத் தெரியும். என்னப் பாத்து கண்ணடிக்கும், கம்மனாட்டி."

நான் கேரியரை மேஜை மேல் வைத்தேன். "ரசம் தனியா இருக்கு" என்று சரளாவிடம் சொன்னேன். வெளியே வந்துவிட்டேன்.

முதலில் உறுதி செய்துகொள்ளலாம், தெரியாமல் எதையும் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்ன என்பதைப் படிப்பவர்கள் ஊகிக்கலாம்.

வீட்டில் ஜெனிஃபரின் பழைய மெயிலைத் திறந்தேன். இணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மெயிலைப் படிக்காமல் விடுவது என் வழக்கம். அதில் நாலாவது வரி: 'அண்ணா, உங்களுக்குச் சிரமம் வேணாம்னு சைஸ் எல்லாம் நானே முக்காலாக்கிப் போட்டிருக்கேன். அப்படியே போட்டுக்கங்க.'

அவள் ஒரு முறை குறைத்ததை நான் இன்னொரு முறை குறைத்திருக்கிறேன். வீட்டில் மகள் படிக்க வைத்திருக்கும் சின்ன டேப்லட்டில் பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்குமே, அந்த எழுத்து. நாற்பது விநாடியில் எனக்கே கேள்வி முடியவில்லை. நானே திரையில் ஏற்றிய கேள்வி அது.

4. ஒரு நாள் சும்மா இருந்தது

வியாழக்கிழமை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இதை விட்டுவிட்டு எழுதியிருந்தால் இந்தக் குறிப்பில் நான் இன்னும் கொஞ்சம் நல்லவனாக வந்திருப்பேன்.

வெள்ளி காலை பிரகாஷுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"சார், பேஜார் பண்ணாதீங்க. சைஸை ஏத்தி, மைனர் அப்டேட்னு போட்டு புது வெர்ஷனை அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"ஃபெயில் ஆன ஒன்பது பேர்?"

"அது கிளையன்ட் பாலிசி சார். நம்ம ஸ்கோப்ல இல்ல. மத்தவங்க எல்லாம் அதே எழுத்தைப் படிச்சிதானே பாஸ் பண்ணாங்க?"

"சின்ன வயசுக்காரங்க பாஸ் பண்ணாங்க. நாம வச்சது கண்ணுக்குப் பரீட்சை, பாடத்துக்கு இல்ல."

"நல்லாப் பேசறீங்க. இதையே கிளையன்ட் கிட்டப் பேசினா அடுத்த ப்ராஜெக்ட் போயிடும். உங்களுதும், என்னுதும்."

அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்கடன் கட்டுகிறவர். ஆனால் சத்தமில்லாமல் திருத்தினால் பாடம் திருந்தும், கணக்கில் விழுந்த ஒன்பது 'ஃபெயில்' அப்படியே இருக்கும். தப்பு எங்களுடையது என்று எழுத்தில் இருந்தால்தான் அது அழியும். தொழிற்சாலையின் பயிற்சி அதிகாரிக்கு நேராக மெயில் எழுதினேன். டேப்லட் பக்கத்தில் அளவு ஸ்கேலை வைத்து எடுத்த படத்தை இணைத்தேன். சுற்றி வளைக்கவில்லை: இரண்டு முறை குறைத்தது நான், டேப்லட்டில் போட்டுப் பார்க்காமல் 'சரி' என்று எழுதியதும் நான்.

மதியம் அந்தப் பயிற்சி அதிகாரி அம்மாளே கூப்பிட்டார்.

"யார் பேசறது, மேனேஜரா?"

"இல்லைங்க மேடம். தப்பு பண்ணவன்."

"திங்கட்கிழமை காலையில ஒன்பது பேரையும் வரச் சொல்றேன். சரி பண்ணின பாடத்தை நீங்களே எடுத்துட்டு வாங்க. என் எதிர்ல எழுதட்டும். ஆனா இதுதான் கடைசி. இதுலயும் தவறினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

பதினெட்டுக்கு ஏற்றினேன். டேப்லட்டில் அதுவும் போதவில்லை. ஒரு திரையில் இருந்ததை இரண்டு திரையாகப் பிரித்து இருபத்திரண்டு வைத்தேன். சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோய் சரளாவிடம் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, "இத அப்பவே எங்கிட்ட காட்டறதுக்கு இன்னா?" என்றாள். கண் பார்க்கிறவளைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருடம் ஆகிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

5. திங்கட்கிழமை

பயிற்சி அறைக்கு வெளியே ஒன்பது பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏய் தேவகி, பரீச்சைக்குப் பூ வெச்சிகினு வந்துகீற?"

"பூ வெச்சா எய்த்து பெருசாத் தெரியுமாம்டி."

"அப்ப எனக்கும் ஒரு முழம் குடு. அந்தத் தொப்பிக்காரன் என்னயும் பாக்கட்டும்."

பாடத்தில் பொம்மையை எடுத்துவிட்டிருந்தேன். எழுத்துக்கு இடம் வேண்டியிருந்தது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தேவகி ஐந்தாவது. நான் பின்னால் சுவரோரம் நின்றேன். அவர் டேப்லட்டை வாங்கியதும் பழக்கத்தில் முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாகத் தள்ளிப் பிடித்தார். உதடு அசைந்தது. முதல் கேள்விக்கு இருபது விநாடி மிச்சம் இருந்தது. பதினைந்தாவது கேள்வி முடிந்து திரை பச்சையானபோது அவர் அதை நம்பாமல் அதிகாரியின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாஸும்மா. பதினாலு கரெக்ட்."

எட்டுப் பேர் தேறினார்கள். ஒன்பதாவது பெண் பாடத்தையே படிக்காமல் வந்திருந்தார். அவர் வேலை போனதற்கு எழுத்து காரணமில்லை. அதிகாரி பழைய கணக்கை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். எங்கள் கம்பெனிக்கு அந்தத் தொழிற்சாலையிலிருந்து அதன் பிறகு வேலை வரவில்லை. பிரகாஷ் ஏழு மாதம் எனக்குப் போன் செய்யவில்லை.

தேவகி வெளியே வந்து என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க சரளாம்மா வூட்டுக்காரர்தானே? இங்க இன்னா பண்றீங்க?"

"இந்தப் பாடம் செஞ்சது நான்தாம்மா. எழுத்தைச் சின்னதாக்கினது என் தப்பு. உங்க கண்ணுல கோளாறே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கி கடையில நின்னுகினு இருந்தீங்களே. நான் சொன்னத எல்லாம் கேட்டுகினு இருந்தீங்க."

"ஆமாம்மா."

"அஞ்சு நாளுண்ணா. கண்ணு பூட்சி, இனிமே யாரு சோறு போடுவாங்கன்னு எம் பொண்ணுகிட்ட அய்துகினு கெடந்தேன். தையல் மிசினக்கூட மூடி வெச்சிட்டேன். 'உன் கண்ணுல ஒண்ணும் இல்ல'ன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?"

ஷிஃப்டுக்கு மணி அடித்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் நிறைய இல்லை. அளவை நம்பர் வைத்து நம்பாதீர்கள். படிக்கப் போகிறவர் கையில், படிக்கப் போகிற கருவியில் வைத்துப் பாருங்கள். மெயிலை நாலாவது வரி வரை படியுங்கள். இவை தொழில் சம்பந்தப்பட்டவை, யாரும் சொல்லித்தருவார்கள். இன்னொன்று: தப்பு உங்களுடையது என்று தெரிந்த நிமிடம், அதனால் அடிபட்டவர் எதிரே நின்றுகொண்டிருந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள். மெயிலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.