வளைவுகளை நிரவிய கமிட்டி

புதுப்பித்த சைக்கிள் மைதானத்தின் திறப்பு விழா மேடையில் கமிட்டித் தலைவர் இருக்கிறார், கான்ட்ராக்டர் இருக்கிறார், துபாயிலிருந்து பணம் அனுப்பியவரின் மைத்துனர் மாலையோடு இருக்கிறார். பந்தயத்தில் சைக்கிள் ஓட்டியவர் ஒருவர்கூட இல்லை.

பட்டுக்கோட்டை போகும் வழியில் பஸ் பஞ்சர். வேடிக்கை பார்க்க இறங்கியிருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து சிமெண்ட் வட்டம் இது. பொங்கலுக்குப் பொங்கல் இதில் ஜெயிப்பவனிடம் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் காசு வாங்க மாட்டார்களாம். வளைவுகள் கிண்ணம்போல் உள்பக்கம் சரிந்திருந்தனவாம். இப்போது சரிவே இல்லை.

"சரிவு எங்க சார்?" என்று கான்ட்ராக்டரைக் கேட்கிறேன்.

"ஓரமெல்லாம் தூக்கிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு தம்பி. நாத்தங்கால் மாதிரி நிரவிட்டோம். தண்ணி விட்டுப் பாத்தேன், ஒரு பக்கமும் ஓடல!"

"வேகமா வளையத்தானே சார் அந்தச் சரிவு? பிளஸ் ஒன் புக்குலயே இருக்கே."

"படிச்ச புள்ளையா? அதான் பேசுறீங்க. உக்காந்து பாருங்க."

திறப்பு விழாப் பந்தயம் தொடங்குகிறது. இன்று ஜெயிப்பவனுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. முன்னால் வருபவன் ஒரத்தநாட்டு அந்தோணி. ஓட்டுபவர்களைப் புதுத் தடத்தில் இன்றுதான் விட்டிருக்கிறார்கள். பழகிய வேகத்திலேயே வளைகிறான். சக்கரம் வெளியே வழுக்கி வேலியில் போய் விழுகிறான். தோள் எலும்பு முறிந்துவிட்டது. வேலை பின்னால் வந்தவனுக்குப் போகிறது.

"மெதுவா திரும்பியிருக்கணும்" என்கிறார் கான்ட்ராக்டர். பந்தயத்தில் மெதுவாகப் போக வேண்டுமாம்.

கமிட்டி அங்கேயே கூடி, போட்ட சிமெண்டைக் கொத்தியெடுத்துப் பழையபடி சாய்க்க முடிவு செய்கிறது. அதே கான்ட்ராக்டர்தான். நிரவியதற்கு எழுபதாயிரம், திரும்பச் சாய்க்க ஒன்றரை லட்சம். அந்தோணியின் எலும்பைச் சேர்க்காமல், இரண்டு லட்சத்து இருபதாயிரம்.