டியூவுக்குக் கொடுத்த முடி

மொட்டை அடித்துக்கொண்டால் கடன் வசூலிக்க வருகிறவர்களுக்கு என்னை அடையாளம் தெரியாது என்று நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிற, ஆட்டோ ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற ஒரு மனிதன் தூக்கம் கெட்டு யோசித்துக் கண்டுபிடித்த வழி அது.

இதற்கு ஊரும் ஒரு காரணம். திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மலையிலிருந்து சந்தனம் பூசிய தலைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். கிருத்திகை அன்று பெற்ற பிள்ளையையே சட்டை நிறத்தை வைத்துத்தான் தேட வேண்டும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு தலையாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆட்டோ ஃபைனான்ஸில் எடுத்தது. மனைவிக்கு ஆபரேஷன் ஆன சமயத்தில் டியூ தவறியது. முதலில் ஒரு பெண் போன் செய்தாள். என் மகள்கூடக் காட்டாத அக்கறையோடு, சாப்பிட்டாச்சா சார் என்று கேட்டாள். அடுத்து ஒரு ஆள். அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை, என் தாயாரைப் பற்றிப் பேசினான். அதற்கும் பணம் வரவில்லை என்றதும், பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள், கோர்ட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி. பாவா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மச்சான், வாரண்டுன்றான். யாரையாவது இடிச்சிட்டியா?"

டியூதான் பாவா என்றேன். பாவா ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"நான் கையெழுத்துகூட போடலியே. எனக்கு எதுக்குப் போன் வருது?"

கடன் வாங்கும்போது, தெரிந்தவர் ஒருவர் நம்பர் வேண்டும் என்றார்கள். பெருமையாக அவர் நம்பரைக் கொடுத்தவன் நான். அவரை என்னோடு கட்டிப்போடத்தான் கேட்டார்கள் என்பது அப்போது தெரியவில்லை.

பிறகு ஸ்டாண்டுக்கே ஒருவன் வந்தான். ஏறி உட்கார்ந்திருந்த சவாரி முன்னாலேயே பாக்கியைச் சத்தமாகச் சொன்னான். சவாரி இறங்கி அடுத்த ஆட்டோவுக்குப் போய்விட்டது. பணம் கேட்க வந்தவன் பணம் வரும் வழியை மூடிவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் அழகு. போகும்போது என்னை ஆட்டோ பக்கத்தில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தான். நானும் சுருட்டை முடியைக் கோதிவிட்டுக்கொண்டு நின்றேன், கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்குப் படம் அனுப்பப் போகிற மாதிரி.

மறுநாள் ஸ்டாண்டில் இருக்கும் தம்பி ஒருவன் காதோடு சொன்னான். "அண்ணே, டியூ கட்டாத வண்டியத் தூக்கற பசங்க குரூப்ல உன் போட்டோ சுத்திகினு இருக்குது."

அவ்வளவுதான். அவர்கள் கையில் இருப்பது போட்டோ. போட்டோவில் இருப்பது முடி. முடி போனால் நான் யாரோ. பயந்த மூளை இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

வேண்டுதல் என்று வீட்டில் பொய் சொன்னேன். மனைவி சந்தோஷமாகத் திருநீறு பூசி அனுப்பினாள். ஆட்டோவை அடிவாரத்தில் பூக்கடை ஓரம் நிறுத்திவிட்டுப் படியேறினேன். மீசையும் எடுக்கணுமா என்று முடி எடுப்பவர் கேட்டார்.

"ஆங், எடுத்துடுங்க. ஆளே தெரியக்கூடாது."

அவர் கத்தியை நிறுத்தினார். "போலீஸ் கேஸுங்களா?"

"டியூ."

மறுபடி சிரைக்க ஆரம்பித்தார். "எனக்கும் வண்டி டியூ நிக்குது. நான் யாருகிட்ட தலையைக் குடுக்கறது?"

சந்தனம் பூசிக்கொண்டு, புது ஆளாக, விசில் அடிக்காத குறையாக இறங்கினேன். பூக்கடை ஓரம் காலியாக இருந்தது. தினமும் என்னிடம் சில்லறை மாற்றும் பூக்கார அம்மாவிடம், இங்கே நின்ற ஆட்டோ எங்கே என்று கேட்டேன். என்னை அவருக்குத் தெரியவில்லை.

"தூக்கிகினு போய்ட்டானுங்கண்ணா. பேப்பரும் காட்டல, ஒண்ணும் காட்டல. நம்பரைப் பார்த்தான், வேற சாவி போட்டான், ஓட்டிகினு போய்ட்டான். பாவம் அந்தாளு, சுருட்டை முடிக்காரு, சாமி கும்பிட மேல போயிருக்காரு."

நான்தான்மா அது என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு கையிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆட்டோ நம்பரும் அந்தப் போட்டோவில் இருந்தது. அது என் புத்தியில் ஏறவே இல்லை.

அவர்கள் வண்டி நிறுத்தும் யார்டைத் தேடிப் பிடித்தேன். கேட்டில் இருந்தவன் ஆதாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இது நீங்க இல்லையே என்றான். நான்தான் நான் என்று கெஞ்சிக் கூத்தாடி நிரூபித்தேன். என் மாறுவேடம் வேலை செய்தது அந்த இரண்டே இடத்தில்தான், பூக்காரம்மாவிடமும் அவனிடமும். நிரூபித்ததற்குப் பரிசாக, வண்டியைத் தூக்கிய கூலி, யார்டில் நின்ற வாடகை, அபராதம் எல்லாவற்றையும் என் தலையில் ஏற்றிச் சொன்னான். என் வண்டியைத் திருட்டுச் சாவி போட்டு எடுத்ததற்குக் கூலியை நான் தர வேண்டுமாம். ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். கடன் வாங்கினியா என்று கேட்டார்கள். வாங்கினேன் என்றேன். அப்புறம் என்ன என்றார்கள். கடன் வாங்கியவனுக்கு அதற்கப்புறம் ஒன்றுமே கிடையாது என்று எல்லோருமே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பணத்தை என்னால் புரட்ட முடியவில்லை. வண்டியை ஏலம் விட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. விற்ற தொகை கடனுக்குப் போதவில்லை, மீதியைக் கட்டு என்று போன் வந்தது. இப்போது வேறொருவர் ஆட்டோவை நாள் வாடகைக்கு ஓட்டுகிறேன். அதில் மிஞ்சுவதை எடுத்து, என்னிடம் இல்லாத ஆட்டோவுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.