கல் நடாத இடம்

கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கோட்டை பங்களாவை இப்போது கல்யாண மாப்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கேமராக்காரனோடு கோபுரத்தில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். ஏலக்காய்த் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவன், ஊர் ஏக்கத்தில் தன் நாட்டுக் கோட்டை மாதிரியே கட்டிய கல்வீடு அது. துரைமார் போனபின் பல கை மாறி, கூரை இடிந்து கிடந்தது. தேக்குக் கதவுகள் திருடுபோகாமல் பார்த்துக்கொள்ள என் அப்பா காவலுக்கு இருந்தார். வௌவாலுக்கும் எங்களுக்கும் ஒரே வீடு.

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் அங்கே கைக்குழந்தையாகவே காய்ச்சலில் போய்விட்டான். பங்களாவின் பின்னால் துரையின் பெண்குழந்தைக்கு ஒரு கல்லறை உண்டு. அதன் பக்கத்தில் அவனைப் புதைத்தார்கள். பால்குடி மாறாத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் கல் நடுவதில்லை. நட்டால் அடுத்த பிள்ளை தங்காதாம். வெறும் மண்மேடுதான். ஆடி அமாவாசைக்கு அம்மா அதில் பால் ஊற்றுவாள்.

கம்பத்து வியாபாரி ஒருவர் பங்களாவை வாங்கியதும் எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலை முடியும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, சுண்ணாம்பு அரைத்துப் பூசி, பழையபடி நிமிர்த்தி, ஓட்டலாக்கிவிட்டார்கள். போன ஆடி அமாவாசையன்று காப்பி குடிக்க வந்தவர்கள் மாதிரி நுழைந்தோம். அம்மாவின் பையில் பால் இருந்தது.

மண்மேடு இருந்த இடத்தில் கல்யாண மேடை. ஒட்டினாற்போல் துரைமகளின் கல்லறை, சுற்றிலும் கம்பியும் விளக்குமாகப் பளபளத்தது. மேனேஜரைப் பிடித்துக் கத்தினேன். அந்த ஆள் பொறுமையாகத்தான் பேசினார்.

"கல்லு இருந்ததை எல்லாம் காப்பாத்திருக்கோம் சார். இங்கன வெறும் மண்ணுதான் கெடந்துச்சு. மொதலாளி சமப்படுத்தச் சொன்னாக."

அம்மா மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கும் சிமெண்டு; ஊற்ற ஒரு பிடி மண் இல்லை. கடைசியில் கம்பிக்கு மேலே கையை நீட்டி, வெள்ளைக்காரப் பிள்ளையின் கல்லில் பாலைச் சரித்தாள்.

"ஆத்தா, பக்கத்துல எம்மகன் கெடக்கான். அவனுக்கும் ரெண்டு வாய் குடு."

பால் வழிந்து தரைக்கு வந்ததும் துடைக்க ஆள் வந்துவிட்டது. நாங்கள் கிளம்பினோம். வாசலில் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒங்கப்பா கல்லு நடுறேன்னுதான் சொன்னாக. நீ தங்கணுமேன்னு நான்தாம்லே வேணாம்னேன்."