ஹார்லன் வீஸின் சந்தேக மரம்

வடக்கு ஒஹாயோவில் லவோன் டிட்மரின் வண்டியைக் கண்டாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். பச்சை வண்டு விழுந்த ஆஷ் மரங்களைக் கண்டுபிடித்து ஆரஞ்சு சாயம் அடிப்பது அவள் உத்தியோகம். அடித்தால் மறுவாரம் ரம்பம் வந்து இறங்கும்.

"சாவு வண்டி வருது பாரு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவளோ ஒண்டிக்கட்டை. மத்தியானச் சாப்பாடு வண்டிக்குள்ளேயே. சில நாள் பொழுது சாயும்வரை "சாயம் காயல, தொடாதீங்க" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு சொல் வந்திருக்காது. இதுவும் ஒரு பிழைப்பா! ஆனாலும் ஒன்பது வருஷத்தில் ஒரு மரத்தைப் பற்றியும் அவள் பொய் எழுதியதில்லை.

ஆகஸ்டில் ஹார்லன் வீஸ் என்ற கிழவரின் சோள வயலோரம் ஒரு மரத்தைப் பார்க்கப் போனாள். மனைவி போனபின் அவரும் தனிதான்.

"இது ஆஷ் இல்ல, ஹிக்கரி மரம்மா" என்றார் அவர். "ஆஷ்னா இலை எதிரெதிரா ஜோடியா இருக்கும். இதைப் பாரு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

லவோன் ஒரு கிளையை வளைத்தாள். ஒவ்வொரு இலைக்கும் எதிரே பச்சையாக ஒரு வெட்டுக்காயம். கத்தரிக்கோல் வேலை. ஏணி எட்டிய உயரம்வரைக்கும் அப்படி. அதற்குமேல் ஜோடிகள் அப்படியே இருந்தன. பட்டையில் வண்டு துளைத்த ஓட்டைகளும் இருந்தன.

"எண்பது வயசுல ஏணி ஏறினீங்களா, மிஸ்டர் வீஸ்?"

"ஏறி வெட்டி முடிக்க மூணு நாளாச்சு."

"எப்படியும் இந்த மரம் பிழைக்காது. வண்டு இறங்கிடுச்சு."

"மரம் போகட்டும்மா." அவர் தொப்பியைக் கழற்றினார். "சந்தேகம்னு எழுதினா மாசாமாசம் வந்து பாக்கணுமாமே. உங்க ஆபீஸ் பொண்ணு போன்ல சொல்லுச்சு."

லவோன் வளைத்த கிளையை விட்டாள். அடப் பாவி மனுஷா, இதற்காகவா!

மரம் வயல் பக்கம் சாய்ந்திருந்தது. விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. ஆனால் மேலதிகாரி ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும், அவள் வேலை போய்விடும். அறிக்கைத் தாளை வண்டியின்மேல் வைத்து, "சந்தேகம். மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"செப்டம்பர் பத்தாம் தேதி வரேன். ஏணியை எடுத்து உள்ள வைங்க."

"காபி போட்டு வைக்கறேன். சர்க்கரை எத்தனை கரண்டி?"

அதை யாரும் அவளிடம் கேட்டுப் பல வருஷமாகிவிட்டது. "ரெண்டு" என்றாள்.