மத்தியானத்து அனானி

என் தங்கை தமிழில் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு மாதம் அதில் பெயர் போடாமல் வந்து அவளைக் குதறிய ஆள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்தால் இன்னொரு தரம் முகமூடி போட்ட மாதிரி ஆகிவிடும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, ஹைதராபாத் மௌலா அலியில் குவார்ட்டர்ஸ். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்த வருஷம் தங்கைக்கு ஆறு வயது. அவளுக்குச் சடை பின்ன, சோறு ஊட்ட, அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒரு வருஷம் போகவேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படுத்த படுக்கையாகவே அம்மா வாரப் பத்திரிகையை வைத்து எங்கள் இருவருக்கும் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள். எனக்கு மிஞ்சிய படிப்பு அதுதான்.

தங்கை இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேர் வேலைக்குப் போனாள். அவள் கணவர் கோயம்புத்தூர்க்காரர், ராமச்சந்திராபுரத்தில் பெரிய தொழிற்சாலையில் வேலை. டவுன்ஷிப் வீட்டில் அவருடைய அக்காவும் உடன் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மில் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்து, மில்லை மூடியதும் தம்பி குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். தங்கை அவரை அண்ணி என்பாள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் ஊரின் இந்தக் கோடியில், தங்கை அந்தக் கோடியில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வேன். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். மொட்டை மாடிக் கைப்பிடி, கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டு, குழந்தை வாயில் போடும் பட்டாணி. எல்லாவற்றுக்கும் மேலே காஸ் டியூப். எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு பெண் அப்படித்தான் பற்றிக்கொண்டாள், அதை நான் பார்த்தேன்.

"டியூபைப் பார்த்தியாடி? வெடிப்பு ஏதாவது விட்டிருக்கா?"

"ஹவ் அக்கா, பார்த்துட்டேன். டென்ஷன் நக்கோ. உனக்கு வேற வேலையே இல்லையா?" ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்; எங்கள் ஊர் உருது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியது இன்டர்மீடியட் படித்த என் மகளுக்காக. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறும் ஒரு வித்தையை அவள்தான் காட்டினாள். "மம்மீ, இட்லா கொட்டு, தமிழ் வஸ்துந்தி" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் மத்தியானங்களில் உட்கார்ந்து பழகினேன். தங்கையிடம் சொல்லவில்லை. ஒருநாள் என் பெயரிலேயே அவள் பக்கத்தில் பின்னூட்டம் போட்டு அவளை அசத்த வேண்டும் என்று ஆசை.

அப்படிப் போடலாம் என்று உட்கார்ந்த அன்றைக்கு அவள் எங்கள் வீட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். "எங்கள் வீட்டில் படிப்புதான் சாமி. அக்காவுக்கு மட்டும் படிப்பு ஏறவில்லை, பாவம். சமையலறைதான் அவள் உலகம்." அதன் கீழே இருபது முப்பது பேர் பாராட்டியிருந்தார்கள். உங்கள் அக்கா மாதிரி வெள்ளந்தியான மனிதர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர்.

அதை மூன்று தரம் படித்தேன். பெயர் போடும் கட்டத்துக்குக் கீழே பெயரில்லாமலும் எழுதலாம் என்று ஒரு வட்டம் இருந்தது. அப்படி வருகிறவர்களை அந்த உலகத்தில் அனானி என்பார்கள். அந்த வட்டத்தை அழுத்தினேன்.

"சொந்த அக்காவை ஊர் முன்னால் மட்டம் தட்டிக் கைதட்டல் வாங்குகிறீர்களே, வெட்கமாக இல்லை?"

ஒரு மணி நேரத்தில் தங்கை பதில் போட்டாள். "அனானி நண்பரே, என் அக்கா இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் படிக்க மாட்டாள், அவளுக்கு மவுஸைக் கண்டாலே பயம்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை.

அந்தப் பொம்மையோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தேன். தைராய்டு வந்து அவள் உடம்பு போட்டிருந்தாள்; புகைப்படத்தில் முகம் ஊதிப்போன பூரி மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். புளிக்குழம்பு செய்முறை போட்டால், இதைத் தின்றுதான் உன் புருஷன் ஆபீஸே கதியென்று கிடக்கிறானா என்று கேட்டேன். பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு ஏசி ரூமில் உட்கார்ந்து தாய்ப்பாசம் பற்றி எழுதுகிறாயா என்றேன். ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு எழுந்துபோய் அரிசி களைவேன். மனசு லேசாக இருக்கும், வாந்தி எடுத்த பிறகு வருகிற லேசு.

வாரத்தில் இரண்டு நாள் அவளே எனக்குப் போன் செய்து அழுவாள்.

"அக்கா, அந்த நாய் இன்னிக்கும் வந்திருக்கு."

"யாரு?"

"அதான் சொன்னேனே, அனானி. பேரு சொல்லத் தைரியம் இல்லாத நாய்."

"வுடுடி. அதுங்களுக்கு இன்னா வேலை. நீ சாப்பிட்டியா?"

அப்படிச் சொன்னது பொய்யில்லை. அவள் சாப்பிட்டாளா என்று எனக்கு நிஜமாகவே கவலை. அதே நாக்குதான், அதே மத்தியானம்தான். இது என்னால் எப்படி முடிந்தது என்று நானே பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் நான் அக்கா. அக்கா என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும், சாப்பிட்டியா என்று கேட்க வேண்டும், பதினான்கு வயதில் வீட்டில் உட்கார வேண்டும். பெயரில்லாத அந்தக் கட்டத்தில் நான் யாருக்கும் அக்கா இல்லை. என் படிப்பு போனதற்கு அவளிடம் நியாயம் கேட்டால் குடும்பத்தில் அசிங்கம். அங்கே கேட்கலாம் என்றுதான் போனேன். போன பிறகு நியாயம் கேட்கவே இல்லை. அடிப்பது சுலபமாக இருந்தது, அதனால் அடித்தேன்.

அந்த ஆடியில் அவளுக்கு இரண்டாவது கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அவள் கணவர், அண்ணி, நான், மூன்று பேருக்குத்தான் தெரியும். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பத்து நாள் அங்கேயே இருந்து பத்தியச் சமையல் செய்தேன். அண்ணியும் நானும் ஒரே அடுப்பில் மாறி மாறி நின்றோம். அண்ணி ஒருநாள் மிளகு வறுத்துக்கொண்டே அழுதார், நான் தண்ணீர் கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். தங்கை வலைப்பூவில், உடம்பு சரியில்லாமல் இருந்தபோது தன்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தாள். கணவருக்கு ஒரு பத்தி, அண்ணிக்கு ஒரு பத்தி, ஆபீஸ் தோழிகளுக்குக்கூட ஒரு பத்தி. எனக்கு, "அக்காவின் ரசத்துக்கும்" என்று ஒரு வரி.

நான் எழுதினேன்: "வயிற்றில் இருந்ததுக்கே உன்னிடம் பிறக்க இஷ்டமில்லை போல."

அன்றைக்குத் தங்கை போனில் அழவில்லை. குரல் வறண்டிருந்தது.

"மூணு பேருக்குத்தான் தெரியும் அக்கா. அவருக்குத் தமிழ்ல அடிக்கவே வராது. உனக்குக் கம்ப்யூட்டரே வராது. எங்க அண்ணி தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். எல்லாமே மத்தியானம் ரெண்டு மணிக்கு வருது. ஹைதராபாத்லேர்ந்துதான்னு, யார் வந்தாங்கன்னு எண்ணுற கவுண்டர்ல காட்டுது. அந்த நேரத்துல எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்கிட்ட யாரு இருக்கா, சொல்லு?"

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லடி" என்றேன்.

"உனக்கு எல்லாருமே நல்லவங்க. அதான் உன்னை எல்லாரும் ஏமாத்தறாங்க."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே அண்ணியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். கூடப்பிறந்த தம்பி ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லை. நான் போனேன், புளிசாதம் கட்டிக்கொண்டு. அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நானு மெசினைத் தொட்டே அஞ்சு வருசம் ஆச்சுங்க. என்ரகிட்டப் போயிக் கேக்கறாங்க" என்றார். குழந்தையின் ஸ்வெட்டர் ஒன்று அவர் மடியில் பாதி பின்னிக் கிடந்தது.

அதன் பிறகு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பயத்தில் நிறுத்தினேன். ஆனால் அதுவே சாட்சியாகிவிட்டது. "பார்த்தியா அக்கா, அவங்க போனதும் அனானியும் போயிடுச்சு" என்றாள் தங்கை.

கார்த்திகைக்கு முன்னால் அவள் ஒரு புகைப்படம் போட்டாள். நான்கு வயதுக் குழந்தை ஸ்டூல் மேல் ஏறி நின்று தோசைக்கு எண்ணெய் விடுகிறது. எல்லோரும் சமத்து, செல்லம் என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்தது குழந்தைக்குப் பின்னால். ஆரஞ்சு நிற காஸ் டியூப், மேடைக்குக் கீழே வளையும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு.

உடனே போன் செய்தேன். "டியூபைப் பார்த்தியாடி?"

"ஐயோ, மீட்டிங்ல இருக்கேன். போன வாரந்தான் பார்த்தேன்."

"கீழ, வளையிற எடத்துல பாரு."

"அக்கா, நக்கோ!" வைத்துவிட்டாள்.

படத்தில் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. மவுஸைக் கண்டால் பயப்படுகிற அக்கா படத்தை எங்கே பார்த்தாள்? மறுபடி போன் அடித்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பாள், குழந்தை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வரும். இது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. உட்கார்ந்து அந்த வட்டத்தை அழுத்தினேன்.

"டியூப் வெடிப்பு விட்டிருக்கு. கீழே வளையிற இடத்தில் பார். இன்றைக்கே மாற்று. குழந்தையை ஸ்டூல் மேல் ஏற்றாதே."

அரை மணிக்குள் போன் வந்தது.

"டியூபை மாத்தச் சொல்லி அவரை அனுப்பிட்டேன்" என்றாள். பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. "அக்கா, அது நீதானா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

"ஆமா."

"அந்த வரியும்?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"எங்க அண்ணிகிட்ட நீயே போய்ச் சொல்லு. போன்ல வேணாம். நேர்ல போய், உன் பேரைச் சொல்லி, எல்லாத்தையும் சொல்லு. அவங்களைத் திரும்பி வரச் சொல்லு. அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே."

கோயம்புத்தூரில் ஒரு லைன் வீட்டில், ஒற்றை அறையில் அண்ணி இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, பாய் போட்டு, காப்பி போட எழுந்தார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பால் பொங்கி வழிந்தது. அவர் திரும்பவில்லை, நான்தான் எட்டி அடுப்பை அணைத்தேன்.

"பத்து நாள் என்ரகூட நின்னு சமைச்சீங்களே" என்றார். "டேசனுக்குப் புளிசாதம் கொண்டாந்தீங்களே. அதையும் தின்னுட்டுத்தானுங்க வந்தேன்."

"தங்கச்சி உங்களத் திரும்பி வரச் சொன்னா அண்ணி."

"வரமாட்டேனுங்க. அப்படியொரு வார்த்தைய நான் எழுதுவேன்னு அந்தப் புள்ள நம்புச்சில்ல. அது போதும்." எதிரில் வந்து உட்கார்ந்தார். "என்ன எழுதுனதுன்னு எனக்கு யாருமே சொல்லல. கேவலமா எழுதிட்டேன்னு மட்டுந்தான் சொன்னாங்க. இப்ப என்ர மூஞ்சியப் பாத்து நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். முதல் வார்த்தைகூட வரவில்லை. அண்ணி காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "சரி, போயிட்டு வாங்க. போயிச் சேந்துட்டேன்னு போன் எதுவும் வேண்டாமுங்க" என்றார்.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் சொல்ல முடியலடி."

"எழுத முடிஞ்சுதே" என்றாள். வைத்துவிட்டாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. வலைப்பூவை மூடிவிட்டாள். பிறகு வீடு மாறிப் போனார்கள் என்று கேள்வி. அந்த ஆரஞ்சு டியூப்களுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அன்றைக்கு மாற்றிய டியூபுக்குப் போன மாதத்தோடு ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. பார்த்தாளா என்று தெரியவில்லை.